டோரா ஏன் எங்கள் தமிழில் கதைக்கவில்லை?

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்காவும் மகளும் மெனிக்பாம் முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டு யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் அவர்களோடு வரவில்லை. பெறாமகளுக்கு அப்போது ஆறு வயது. வந்த முதல் கிழமைகளில் அவள் அதிகம் கதைக்கவில்லை. சாப்பிடுகிறியா என்று கேட்டால் தலையாட்டுவாள். வேண்டாம் என்றாலும் தலையாட்டல்தான். அக்காவும் அவளை வற்புறுத்தவில்லை. நானும் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் கேபிள் இணைப்பு இருந்தது. அதில் சுட்டி ரிவி வந்தது. பின்னேரம் அதைப் போட்டுவிட்டால் அவள் சீமெந்து நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து பார்ப்பாள். ஒருநாள் நான் அறைக்குள் படித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் அவளுடைய குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். திரையில் டோரா ஏதோ கேட்டுவிட்டுக் கண்ணை விரித்துக் காத்துக்கொண்டு நின்றாள். என்ர பெறாமகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்குச் சொல்லாத பதிலை அவள் அந்தப் பொம்மைப் பிள்ளைக்குச் சொன்னாள்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரோடு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். முதுகில் பள்ளிக்கூடப் பை. கையில் சுருட்டிய கொப்பித்தாள், அதுதான் வரைபடம். டோராவின் ஒவ்வொரு பயணத்திலும் அந்த வரைபடம் மூன்று இடங்களின் பெயரைச் சொல்லும். பாலம், காடு, மலை என்று ஏதாவது. பார்க்கும் பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். என்ர பெறாமகள் தாளை விரித்துவிட்டு உரத்துச் சொன்னாள்.

“முதல்ல விசுவமடு! அப்புறம் இரணைப்பாலை! அப்புறம் மாத்தளன்! எங்க, சொல்லுங்க பாக்கலாம்!”

மற்றப் பிள்ளைகள் கையைத் தட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள். குசினியில் தேங்காய் திருவும் சத்தம் நின்றது. சிறிது நேரத்தில் மறுபடி தொடங்கியது. யாரும் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை.

அன்று என்னை உலுக்கியது அந்த ஊர்ப்பெயர்கள். ஆனால் பிறகு யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. ஊர்கள் எங்களுடையவை, நடந்த பாதையும் எங்களுடையது. அதைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த தமிழ் சென்னையிலிருந்து வந்தது. ‘பிறகு’ என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, கதை சொல்லத் தொடங்கியதும் ‘அப்புறம்’ என்றாள். இது எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு கார்ட்டூன் அலைவரிசை எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

படத்துக்கு ஒருமுறை செலவு, குரலுக்கு ஊருக்கு ஊர் செலவு

கார்ட்டூன் என்பது கையால் செய்யும் பெரிய வேலை. திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் விநாடிக்கு 12 படங்கள் வரைய வேண்டும். அப்படியானால் 22 நிமிடத் தொடரின் ஒரே ஒரு பகுதிக்கு 15,840 படங்கள். அமெரிக்காவில் ஹன்னா-பார்பெரா நிறுவனம் இந்தச் செலவைக் குறைக்கப் பல தந்திரங்களைக் கையாண்டது. யோகி கரடியின் கழுத்தில் ஏன் எப்போதும் கொலரும் ரையும் இருக்கின்றன? கழுத்துக்கோட்டை அவை மறைத்துவிடும். உடம்பை அப்படியே விட்டுவிட்டுத் தலையை மட்டும் புதிதாக வரைந்தால் போதும்.

இப்படிக் கஷ்டப்பட்டுச் செய்த படம் ஒருமுறை முடிந்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு ஓடும். செய்தி அடுத்த நாள் பழசாகிவிடும். கார்ட்டூன் பழசாவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் பிள்ளைகள் வளர்ந்து வருகிறார்கள். அதோடு, பெரியவர்களுக்குச் சலிக்கும் மீள் ஒளிபரப்பு பிள்ளைகளுக்குச் சலிப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அவர்களுக்குச் சந்தோசம். இந்த இரண்டு உண்மைகளிலும்தான் கார்ட்டூன் அலைவரிசைகளின் வியாபாரம் நிற்கிறது.

இதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர் அமெரிக்க ஊடக முதலாளி டெட் டேர்னர். 1986இல் எம்.ஜி.எம். நிறுவனத்தை வாங்கி, அதில் பெரும்பகுதியை விற்றுவிட்டுப் பழைய படச் சேமிப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ரொம் அண்ட் ஜெரி அந்தச் சேமிப்புக்குள் இருந்தது. 1991இல் ஹன்னா-பார்பெராவையும் வாங்கினார். கையில் ஆயிரக்கணக்கான மணித்தியாலக் கார்ட்டூன்கள் சேர்ந்தபிறகு, 1992 ஒக்ரோபர் 1ஆம் திகதி கார்ட்டூன் நெட்வேர்க் தொடங்கியது. புதிதாகப் படம் எடுத்து அவர் அந்த அலைவரிசையைத் தொடங்கவில்லை. பழைய பெட்டகம் ஒன்றைத் திறந்துவைத்தார்.

1995இல் அந்த அலைவரிசை இந்தியாவுக்கு வந்தது. முதலில் ஆங்கிலம். பிறகு ஹிந்தி, தமிழ் ஒலிகளும் சேர்ந்தன. ஒரே படம், ஒரே நேரம், மொழி மட்டும் வேறு. பிள்ளைகள் தங்கள் மொழியில் கேட்டால்தான் நீண்டநேரம் பார்ப்பார்கள் என்பதை இந்தியச் சந்தை அந்த நாட்களில் கற்றுக்கொண்டது.

சுட்டி ரிவியின் வருகை

சென்னையின் சன் ரிவி குழுமம் 2007 ஏப்ரல் 29ஆம் திகதி சுட்டி ரிவியைத் தொடங்கியது. முழுநேரமும் தமிழிலேயே, சிறுவர்களுக்கென்றே வந்த அலைவரிசை. அது வெற்றி பெற்றதும் அதே குழுமம் தெலுங்கில் குஷி, கன்னடத்தில் சிண்டு, மலையாளத்தில் கொச்சு என்று அடுத்தடுத்துத் தொடங்கியது.

சுட்டி ரிவியைத் தூக்கி நிறுத்தியவை வெளிநாட்டுத் தொடர்கள்தான். டோரா 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நிக்கலோடியன் அலைவரிசையில் தொடங்கிய தொடர். டோரா ஏழு வயதுச் சிறுமி. அவளுடைய தோழனான குரங்குக்கு ஆங்கிலத்தில் பூட்ஸ் என்று பெயர். தமிழுக்கு வந்தபோது அவன் புஜ்ஜி ஆனான். மூலத்தில் டோரா ஆங்கிலம் கதைத்து இடையிடையே ஸ்பானியச் சொற்களைக் கற்றுக்கொடுப்பாள். தமிழில் அவள் தமிழ் கதைத்து ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுத்தாள். ஜாக்கி சான் தொடர் 2000 முதல் 2005 வரை 95 பகுதிகளாக அமெரிக்காவில் ஓடியது. பழம்பொருள் கடை நடத்தும் கிழட்டு மாமா, பன்னிரண்டு மந்திரத் தாயத்துகள், சொல்வழி கேளாத மருமகள் ஜேட் என்று ஒரு குடும்பக் கதை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை இந்த இரண்டையும் பார்த்தே வளர்ந்தது. போருக்குப் பின்னர் எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான்.

இப்படியான தொடரை ஓர் அலைவரிசை விலைக்கு வாங்குவதில்லை. இத்தனை ஆண்டுகளுக்கு, இந்த நாட்டில், இந்த மொழியில் ஒளிபரப்பலாம் என்ற உரிமையை மட்டும் பெறுகிறது. படத்தோடு ஒலி இரண்டு தடங்களாக வரும். ஒன்றில் இசையும் கதவு சாத்தும் சத்தமும் குதிரை ஓடும் சத்தமும் இருக்கும். மற்றதில் பேச்சு. பேச்சுத் தடத்தை எடுத்துவிட்டுத் தமிழ்க் குரலை வைத்தால் தொடர் தயார்.

கேட்க லேசாக இருக்கும். ஆனால் வசனம் எழுதுபவருக்கு அது சோதனை. ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் முடியும் வாக்கியம் தமிழில் நீளும், வாய் மூடமுன் பேச்சு முடிய வேண்டும். கார்ட்டூனில் ஒரு சலுகை உண்டு. நடிகர்களின் உதட்டைப்போல வரைந்த வாய் நுணுக்கமாக அசைவதில்லை. திறக்கும், மூடும், அவ்வளவுதான். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் வளர்ந்த பெண்களே குரல் கொடுப்பார்கள். பையனுக்குப் பையன் குரல் கொடுத்தால் இரண்டு வருடத்தில் தொண்டை உடைந்துவிடும், தொடர் பாதியில் நிற்கும்.

ஆயிரக்கணக்கான படங்களை வரையும் செலவோடு ஒப்பிட்டால் இந்தக் குரல் வேலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு நல்ல ஒலிவாங்கி, ஒரு சத்தமில்லாத அறை, ஓர் எழுத்தாளர், நாலைந்து குரல்கள். கார்ட்டூனில் மிகவும் மலிவான பகுதி குரல். ஆனால் பிள்ளையின் மனதுக்குள் போய் இருந்துகொள்ளும் பகுதியும் அதுதான்.

டோரா ஏன் காத்து நிற்கிறாள்?

டோரா கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக நிற்பது தற்செயல் அல்ல. 1996இல் அதே நிக்கலோடியனில் தொடங்கிய ‘புளூஸ் குளூஸ்’ என்ற தொடர் இந்த முறையைப் பெரிதாகப் பயன்படுத்தியது. பாத்திரம் நேராகப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக் கேட்கும். பிள்ளை யோசித்துச் சொல்லும் அளவுக்குக் காத்திருக்கும். பிறகு பாராட்டும். பிள்ளை சரியாகச் சொன்னாலும் பிழையாகச் சொன்னாலும், ஒன்றும் சொல்லாவிட்டாலும் பாராட்டு வரும்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், திரையில் தெரிபவரோடு பார்ப்பவர் வளர்த்துக்கொள்ளும் ஒருபக்க உறவைப் பற்றி வாசித்தேன். 1956இலேயே ஹோர்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பரீட்சைக்குப் பாடமாக்கிய விசயம் அது. வீட்டுக் கூடத்தில் பார்த்தபிறகுதான் எனக்கு அது விளங்கியது. முகாமில் பிள்ளைகளிடம் பெரியவர்கள் நிறையக் கேள்விகள் கேட்டார்கள். பெயர் என்ன, எந்த ஊர், அப்பா எங்கே. டோராவின் கேள்விகளுக்குப் பின்னால் படிவம் எதுவும் இல்லை. பிழையாகச் சொன்னாலும் ஒன்றும் நடக்காது.

கார்ட்டூன் பிள்ளையைக் குணப்படுத்தியது என்று நான் சொல்ல வரவில்லை. அவள் கதைக்கத் தொடங்கியதற்குப் பள்ளிக்கூடம், அம்மம்மாவின் மடி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பல காரணங்கள். அந்தப் பெட்டியும் அவற்றில் ஒன்று.

அது தந்ததெல்லாம் ஆறுதலும் இல்லை. ரொம் அண்ட் ஜெரியில் பூனைக்குப் பக்கத்தில் குண்டு வெடிக்கும். முகம் கறுத்துப்போய்ப் புகைக்குள் இருந்து பூனை எழும்பி நடக்கும். உலகம் முழுவதும் பிள்ளைகள் சிரிக்கும் இடம் அது. அவள் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, “சித்தி, அது எப்பிடி எழும்புது?” என்று கேட்டாள். 1940இல் இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய பகிடிக்கு அந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். “படம்தானே பிள்ளை” என்றேன். வேறு என்ன சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நாங்கள் கணக்கில் இல்லாத பார்வையாளர்கள்

பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி தமிழ்நாட்டை நோக்கி அனுப்பும் அலை பாக்குநீரிணையில் நின்றுவிடுவதில்லை. வடக்கில் கூரைக்குக் கூரை தென்படும் டிஷ்களுக்கு அதுதான் விளக்கம். இந்தியச் சந்தைக்கென விற்ற பெட்டிகள் இங்கே வந்தன. கடைக்காரரிடம் காசு கொடுத்தால் அவர் அங்கே உள்ள ஒருவர் மூலம் மாதக் கட்டணத்தை ஏற்றிவிடுவார். இது புதிதும் அல்ல. எண்பதுகளில் எங்கள் பெற்றோர் உயரமான குழாயில் அன்ரனாவைக் கட்டி, காற்றுக்குத் திரும்பினால் கூரையில் ஏறித் திருப்பி, தூரதர்சன் பார்த்தவர்கள். பிறகு மின்சாரமே இல்லாத ஆண்டுகள் வந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகளில் கார்ட்டூனுக்கு இடமிருக்கவில்லை. போருக்குள் பிறந்த பல பிள்ளைகள் முதன்முதலாகக் கார்ட்டூன் பார்த்தது போருக்குப் பிறகுதான். அது தமிழில் வந்தது. அதற்காக நான் சென்னைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அலைவரிசைக்கு வருமானம் விளம்பரத்தாலும் சந்தாவாலும் வருகிறது. எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள் என்பதை அளக்கும் கருவிகள் இந்தியாவில் உள்ள வீடுகளில் பொருத்தப்பட்டிருக்கின்றன. கிளிநொச்சியில் ஆயிரம் பிள்ளைகள் பார்த்தாலும் அந்தக் கணக்கில் ஒன்றும் கூடாது, பார்க்காவிட்டால் ஒன்றும் குறையாது. எங்கள் பிள்ளைகள் அடுத்த வீட்டுக் கல்யாணத்தை மதிலுக்கு மேலால் பார்ப்பவர்கள். விளம்பரத்தில் வரும் பிஸ்கட்டைக் கேட்டு அடம்பிடிப்பார்கள், அது எங்கள் சந்திக் கடையில் இருக்காது. தீபாவளிக்குச் சிறப்பு நிகழ்ச்சி வரும், எங்கள் ஆடிப்பிறப்புக்கு ஒன்றும் வராது. அது அந்த அலைவரிசையின் குற்றமல்ல. அவர்கள் எங்களுக்காக அதை நடத்தவில்லை.

கதைக்கிற தமிழும் கதையின் தமிழும்

எங்கள் வீடுகளில் பிள்ளைகள் ‘செம’ என்றும் ‘சூப்பரு’ என்றும் சொல்வதைக் கேட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. “வாங்கோ என்று சொல்லு, அதென்ன வாங்க?” என்று திருத்துவார்கள். எனக்கு அந்தக் கோபம் பெரிதாக இல்லை. சென்னைத் தமிழும் தமிழ்தான். பிள்ளைகள் கெட்டிக்காரர். டோராவோடு ‘புரியுதா’ என்பார்கள், அம்மம்மாவோடு ‘விளங்குதோ’ என்பார்கள். இரண்டு வழக்கும் தெரிந்திருப்பது சொத்து.

என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. ஒரு இரவு அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். காகமும் நரியும். நான் எங்கள் வழக்கில், “காகம் வடையைக் கொண்டுபோய் மரத்தில இருந்துதாம்” என்று தொடங்கினேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “இப்பிடி இல்லச் சித்தி. கதை மாதிரிச் சொல்லுங்கோ.” கதை மாதிரி என்றால் எப்படி என்று கேட்டேன். குரலை மாற்றி, “ஒரு ஊர்ல ஒரு காக்கா இருந்துச்சாம்” என்று சொல்லிக் காட்டினாள்.

அவளுக்கு உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. சோறு கேட்க, சண்டை பிடிக்க, அழ ஒரு தமிழ். கதை சொல்ல, கற்பனை செய்ய, வீரதீரச் செயல் புரிய இன்னொரு தமிழ். மந்திரத் தாயத்தைத் தேடிப் போகிறவர்கள் எவரும் அவளுடைய அம்மாவைப் போலக் கதைப்பதில்லை. தன் வீட்டு மொழியில் கதை நடக்காது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டால், தன் வீட்டில் நடந்தது கதையல்ல என்றும் நினைத்துக்கொள்ளும். சொல்ல இவ்வளவு கதை உள்ள ஒரு சமூகத்துக்கு இது சின்ன விசயமல்ல.

‘பிஸ்ஸு பூசா’ சொல்லும் பாடம்

இதைத் தவிர்க்க வழி இருந்ததா? கொழும்பில் ஓர் ஊடகப் பயிற்சியில் என்னோடு இருந்த சிங்கள நண்பர்கள் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது தங்கள் சின்ன வயதுக் கார்ட்டூன் பாட்டுகளைப் பாடத் தொடங்கினார்கள். மேசை முழுவதும் சேர்ந்து பாடியது. எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவர்களும் நானும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டுகளில் பிறந்தவர்கள்.

அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இருந்தவர் டைட்டஸ் தொட்டவத்த. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபிறகு அதன் டப்பிங் பணியைக் கட்டியெழுப்பிய திரைப்பட இயக்குநர், படத்தொகுப்பாளர். 2011இல் காலமானார். அவரும் வெளிநாட்டுப் படத்தைத்தான் எடுத்தார். ஆனால் மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. டொக்டர் டூலிட்டில் என்ற பாத்திரத்தை ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’ ஆக்கினார், நல்ல மனதுள்ள டொக்டர் என்று பொருள். ‘ரொப் கற்’ என்ற பூனையை ‘பிஸ்ஸு பூசா’ ஆக்கினார், பைத்தியக்காரப் பூனை. படம் அமெரிக்காவினுடையது. பகிடியும் பழமொழியும் சிங்களக் கிராமத்தினுடையவை. பார்த்த பிள்ளைகள் அந்தப் பூனை தங்கள் ஊர்ப் பூனை என்றே நம்பினார்கள்.

அது அரச தொலைக்காட்சி. தமிழ்ப் பிள்ளைகளும் இந்த நாட்டின் பிள்ளைகள்தான். இன்று இலங்கையில் தமிழ் அலைவரிசைகள் பல உண்டு, அவற்றில் சிறுவர் நிகழ்ச்சிகளும் உண்டு. ஆனால் காலையிலிருந்து இரவுவரை ஒரு பிள்ளை திருப்பிப் பார்க்கக்கூடிய, எங்கள் வழக்கில் கதைக்கும் கார்ட்டூன் உலகம் ஒன்று இல்லை. சந்தை சின்னது என்று காரணம் சொல்வார்கள். உண்மை. ஆனால் ரூபவாஹினியின் டப்பிங் பகுதி சந்தைக் கணக்குப் பார்த்துத் தொடங்கியதல்ல.

எங்களிடம் குரல் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒருகாலத்தில் அலை மறுபக்கமாகத்தான் அடித்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டுக் கரையோரம் முழுவதும் காது கொடுத்துக் கேட்டார்கள். பி.எச். அப்துல் ஹமீத்தின் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழ் பழகியதாகச் சொல்லும் தமிழ்நாட்டவர் இன்றும் உண்டு. அவரும் சிறுவர் நிகழ்ச்சி வழியாக வானொலிக்குள் வந்தவர்தான். பிள்ளைக்கு ஒரு ஒலிவாங்கி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இந்தியாவின் கதையும் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டுத் தொடர்களால் நிரம்பியிருந்த திரையில் 2008இல் சோட்டா பீம் வந்தான். ஹைதராபாத் நிறுவனம் ஒன்று தயாரித்த அந்த லட்டுப் பிரியன் போகோ அலைவரிசையின் முகமாகவே மாறினான். முதலில் வேற்றுப் படத்துக்கு உள்ளூர்க் குரல், பிறகு உள்ளூர்ப் படம். வழமையான பாதை அது. எங்களுக்கு முதற்படியே இன்னும் மிச்சம்.

ஒரு சனசமூக நிலையத்தில்

இன்றைய பிள்ளைகள் கேபிளுக்குக் காத்திருப்பதில்லை. அம்மாவின் கைபேசியில் யூடியூப் ஓடுகிறது. அங்கே கார்ட்டூன் முடிவில்லாமல் வருகிறது, யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்க ஆளில்லை. ஆனால் அதே கைபேசி இன்னொரு கதவையும் திறந்திருக்கிறது. ஒலிப்பதிவுக்கு இப்போது கலையகம் தேவையில்லை. படத்துக்குக் கோடிகள் தேவையில்லை என்பதும் உண்மை. பெயரைக் குறிப்பிட்டால் போதும், எவரும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் வெளிவந்த கார்ட்டூன்கள் இருக்கின்றன. நெதர்லாந்தின் பிளெண்டர் அமைப்பு 2008இல் வெளியிட்ட ‘பிக் பக் பன்னி’ அவற்றில் ஒன்று. கொழுத்த முயல் ஒன்று, அதைச் சீண்டும் மூன்று குறும்பர்கள், சுமார் பத்து நிமிடம். அதில் வசனமே இல்லை.

என்ர பெறாமகளுக்கு இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டது. கிளிநொச்சியில் அக்காவோடு இருக்கிறாள், முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சி எடுக்கிறாள். கடந்த பள்ளி விடுமுறையில் அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பினேன். அவள் அக்காவை இருத்தி, படத்தைப் பார்த்துக் கதை சொல்ல வைத்து, கைபேசியில் பதிவுசெய்தாள். அக்கா முதலில் வெட்கப்பட்டாள். “நான் கதைச்சா ஆர் கேப்பினம்?” என்றாள். பிறகு முயலைப் பார்த்து உண்மையாகவே இரங்கத் தொடங்கிவிட்டாள். “ஐயோ, உந்தப் பெடியள் ஏன் அந்த வாயில்லாச் சீவனைப் போட்டு இந்தப் பாடு படுத்துறாங்கள்?”

ஊர்ச் சனசமூக நிலையத்தின் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவலாக வாங்கிய ஒளியெறிகருவியில் அதைக் காட்டினோம். முப்பது பிள்ளைகள் அளவில் வந்திருந்தார்கள். அக்காவின் குரல் தொடங்கியதும் ஒரு கணம் அமைதி. ‘பெடியள்’ என்ற சொல் வந்ததும் சிரிப்பு. கேலிச் சிரிப்பல்ல. தங்கள் வீட்டுச் சொல் திரையில் இருந்து வருவதைக் கேட்ட சிரிப்பு. படம் முடிந்ததும், “இன்னொருக்காப் போடுங்கோ” என்றார்கள். போட்டோம். மூன்றாம் முறை போட்டபோது அக்கா சொல்லமுன் பிள்ளைகளே சொன்னார்கள்.

ஒரு பத்து நிமிடப் படம் ஓர் அலைவரிசை ஆகிவிடாது. அதற்குத் தொலைக்காட்சி நிறுவனங்களும், மாகாணக் கல்வித் திணைக்களமும், புலம்பெயர்ந்த எம்மவரின் உதவியும் வேண்டும். பாலர் பாடசாலைக் கட்டடத்துக்கும் கோயில் கோபுரத்துக்கும் காசு அனுப்பும் சங்கங்கள், ஒரு தொடரின் தமிழ் உரிமைக்கும் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறைக்கும் என்ன செலவாகும் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். கதை சொல்லத் தெரிந்த அம்மம்மாமார் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அதுவும் எல்லாக் காலத்துக்கும் அல்ல.

அன்று இரவு வீட்டுக்குத் திரும்பும்போது பெறாமகள் எனக்கு முன்னால் நடந்தாள். பின்னால் வந்த ஒரு சின்னப் பெடியன் அவளிடம் கேட்டான், “ரீச்சர், பிறகு அந்த முயல் எங்க போனது?”

பிறகு என்றுதான் கேட்டான்.